பழவேற்காடு: கடலுக்கும் ஏரிக்கும் நடுவே இரண்டு நாள்

நவரை நெல்லை அறுத்து, காயவைத்து, மூட்டைகளும் போய்விட்டன. சொர்ணவாரிக்கு நாற்று விட இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருட்டும் ஆலையில் வேலை பார்க்கும் மகனுக்கு, எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு சனியும் ஞாயிறும் சேர்ந்தாற்போல விடுப்பு கிடைத்தது. பெரியபாளையத்துக்கும் பொன்னேரிக்கும் இடையே ஆரணி ஆற்றங்கரை ஊர் ஒன்றில் வசிக்கும் அந்த விவசாயக் குடும்பத்தில் மே மாதத் தொடக்கத்தில் ஒரே பேச்சு, எங்கே போவது என்பதுதான்.

பேரன் அந்தமான் என்றான். பேத்தி, கடல் நடுவே தீவு இருக்கிற இடம் எதுவானாலும் சரி என்றாள். மருமகள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பேருந்துச் செலவுக்கே நெல் பணம் போய்விடும் என்றார்.

"தீவுதானே வேணும்? நம்ம ஆறு போய் முடியற எடத்துல ஒண்ணு இருக்குது. காலையில கெளம்பினா பத்து மணிக்குள்ள போயிடலாம்" என்றார் பெரியவர்.

பிள்ளைகள் நம்பவில்லை. தினமும் பார்க்கிற ஆறு எங்கே போய் முடிகிறது என்று அவர்கள் யோசித்ததே இல்லை.

ஆற்றோடு போகும் வழி

ஆரணி ஆறு ஆந்திரத்தின் நகரி மலைப் பக்கம் பிறந்து, பிச்சாட்டூர் அணையைத் தாண்டி, ஊத்துக்கோட்டை அருகே தமிழ்நாட்டுக்குள் வருகிறது. பெரியபாளையம் பவானியம்மன் கோயிலைத் தொட்டுக்கொண்டு, பொன்னேரி வழியாகப் பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. கோடையில் அது ஆறு போலவே இருக்காது. மணலும் கருவேல முள்ளும்தான். அங்கங்கே குட்டை. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்தால் கரையோர ஊர்க்காரர்கள் இரவெல்லாம் தூங்காமல் காவல் இருப்பார்கள்.

சனிக்கிழமை காலை பொன்னேரியில் இறங்கிப் பழவேற்காடு பேருந்தைப் பிடித்தார்கள். பொன்னேரியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். வழியில் திருப்பாலைவனம் வரும். அங்கே சோழர் காலச் சிவன் கோயில் இருக்கிறது. அதைத் தாண்டியதும் மண்ணின் நிறம் மாறத் தொடங்குகிறது. நெல் வயல் குறைந்து பனை அதிகமாகிறது. காற்றில் உப்பு வாசம். பெரியவர் ஜன்னல் வழியே மண்ணைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். "இங்கெல்லாம் முன்ன நல்ல தண்ணி. இப்போ போர் போட்டா உப்பு" என்றார் மகனிடம்.

அது ஒரு ஊரின் கதை இல்லை. மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்தில் 1960-களின் இறுதியிலிருந்து சென்னைக் குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும் நிலத்தடி நீர் பெருமளவு உறிஞ்சப்பட்டது. நல்ல தண்ணீர் இறங்க இறங்க, கடல் நீர் மண்ணுக்கடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. வயலில் வரப்பு உடைந்தால் கண்ணுக்குத் தெரியும். பூமிக்கடியில் உடைந்தது, மோட்டார் தண்ணீரை வாயில் வைத்துப் பார்க்கும்போதுதான் தெரிந்தது.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

பழவேற்காடு பேருந்து நிறுத்தத்தில், சைக்கிளைப் பிடித்தபடி ஒரு மீனவர் காத்திருந்தார். முப்பது வருடத்துக்கு முன்பு அவர் அந்தச் சைக்கிளில் கருவாட்டுக் கூடை கட்டிக்கொண்டு ஆற்றங்கரை ஊர்களுக்கு வருவார். காசு இல்லாத வீட்டில் நெல்லை வாங்கிக்கொள்வார். அப்படித் தொடங்கிய பழக்கம் இரண்டு வீட்டுக் கல்யாணம், காதுகுத்து வரை வந்துவிட்டது. பெரியவரை அவர் "அண்ணே" என்பார். அதனால் மகனுக்கு அவர் சித்தப்பா, மருமகளுக்குச் சின்ன மாமா, பிள்ளைகளுக்குக் குப்பத்துத் தாத்தா.

ஊரைத் தாண்டி ஏரியின் மேலே ஒரு பாலம் போகிறது. பாலத்தின் இரண்டு பக்கமும் தண்ணீர். இடது கைப் பக்கம் ஏரி கண்ணுக்கெட்டாத தூரம் வடக்கே விரிகிறது. பாலம் இறங்கும் இடம் லைட் ஹவுஸ் குப்பம். அதற்கு அப்பால் ஒரு சவுக்குத் தோப்பு, மணல் மேடு, பிறகு கடல்.

"தாத்தா, தீவு எங்கே?" என்றாள் பேத்தி.

"நீ நிக்கறதுதாம்மா தீவு."

அவர் சொன்னது சரிதான். இந்த மணல் நிலத்துக்குக் கிழக்கே வங்காள விரிகுடா. வடக்கே ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம். மேற்கே ஏரியின் உப்பங்கழியும் பக்கிங்காம் கால்வாயும். தெற்கே கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் கழிமுகம். நான்கு பக்கமும் தண்ணீர். தெற்குப் பாதி காட்டுப்பள்ளித் தீவு என்று பெயர் பெற்றது. முகத்துவாரத்துக்கு வடக்கே இதே போன்ற இன்னொரு மணல் தீவு நீண்டு கிடக்கிறது. அதுதான் ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா. அங்கே ராக்கெட் கிளம்பினால் பழவேற்காட்டுக் கரையிலிருந்தே பார்க்கலாம்.

ஸ்ரீஹரிகோட்டாவுக்கு மேற்கே கிடக்கும் ஏரிதான் பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்கு ஓரம்தான் திருவள்ளூர் மாவட்டத்துக்குச் சொந்தம். இவ்வளவு பெரிய ஏரியில் பல இடங்களில் ஆள் இறங்கி நடக்கலாம், ஆழம் அவ்வளவுதான். அக்டோபரிலிருந்து மார்ச் வரை பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து நிற்கும். மே மாத வெயிலில் நாரையும் நீர்க்காகமும் மட்டும் கழிகளின் மேல் உட்கார்ந்திருந்தன.

கடற்கரைக்குப் போகும் வழியில் குப்பத்துத் தாத்தா ஒரு சிறு கிணற்றைக் காட்டினார். ஆள் உயரம்கூட ஆழமில்லை. நூறு, நூற்றைம்பது அடியில் கடல் இரைகிறது. பேரன் தயங்கித் தயங்கிக் குடித்துப் பார்த்தான். இனித்தது.

"எப்படிப்பா?" என்று மகனைக் கேட்டான்.

பதில் பெரியவரிடமிருந்து வந்தது. மணல் மேட்டில் பெய்யும் மழை அப்படியே கீழே இறங்குகிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிடக் கனம் குறைவு. அதனால் கலக்காமல் அதன்மேல் மிதந்து நிற்கிறது. குடத்தில் மொண்டால் வருடம் முழுவதும் வரும். மோட்டார் வைத்து உறிஞ்சினால் சில நாளில் கீழே இருக்கும் உப்பு மேலே வந்துவிடும். மணலை அள்ளிவிட்டாலும் அதே கதிதான்.

நாற்றங்காலில் விளைந்த சாப்பாடு

கடலில் இப்போது மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்கான இடைவெளி அது. அந்த நாட்களில் சென்னைச் சந்தையில் பெரிய மீன் குறையும், விலை ஏறும். பழவேற்காட்டில் ஏரியை நம்பியவர்களின் சிறு படகுகள் மட்டும் ஓய்வதில்லை.

கரையோரச் சந்தையில் மடவை, கிழங்கான், கொடுவா, வெள்ளை இறால் எல்லாம் சிறு சிறு குவியலாக இருந்தன. இந்தப் பக்கம் இறாலை எறா என்றுதான் சொல்வார்கள். கால் கட்டிய பச்சை நண்டுகள் ஈரச் சாக்கின்மேல் கிடந்தன. பெரிய நண்டு உயிரோடு சென்னைக்கும் அங்கிருந்து வெளிநாட்டுக்கும் போகிறது. உள்ளூர்க்காரர்கள் அடுத்த தரத்தை வாங்கிக்கொள்கிறார்கள்.

நண்டு வாங்குவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. குப்பத்து வீட்டு அம்மா மருமகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். "அடி வயித்து ஓட்ட கட்டை விரலால அமுக்கிப் பாரும்மா. உள்ள போச்சுன்னா தண்ணி நண்டு, சதை இருக்காது. கல்லு மாதிரி இருந்தா எடு. வயித்துல முட்டை ஒட்டியிருந்தா எடுக்காத. அது அடுத்த வருசத்து வெதை."

நண்டு ஓடு கழற்றி வளரும். பழைய ஓடு கழன்று புது ஓடு இறுகும்வரை உள்ளே தண்ணீர்தான் நிறைந்திருக்கும். அதனால்தான் அந்த விரல் சோதனை.

மதியச் சாப்பாடு ஓலைக் கொட்டகையில். மாங்காய் போட்ட மடவை மீன் குழம்பு, மிளகு தூக்கலாக நண்டுக் குழம்பு, முருங்கைக்காயோடு எறாத் தொக்கு. பெரியவர் வீட்டிலிருந்து கொண்டுபோன புது அரிசியில் சோறு. சாப்பிட்டு முடித்ததும் ஆளுக்கு நான்கு நுங்கு. பேத்தி நண்டுக் காலைக் கடித்து உடைக்கக் கற்றுக்கொண்டாள். மருமகள் சமையல் கட்டுப் பக்கமே போகாமல் சாப்பிட்ட முதல் சனிக்கிழமை அதுவாகத்தான் இருக்கும்.

இந்த இறால் எங்கிருந்து வருகிறது என்று பேரன் கேட்டான். இறால் கடலில் முட்டை இடுகிறது. குஞ்சுகள் நீரோட்டத்தோடு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வருகின்றன. ஆழமில்லாத, இரை நிறைந்த, ஆற்று நீர் கலந்த ஏரியில் சில மாதம் வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போய் முட்டை இடுகின்றன. விவசாயிக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கடல் வயல் என்றால் ஏரி அதன் நாற்றங்கால். நாற்றங்காலுக்கு மடை திறந்திருக்க வேண்டும், நல்ல தண்ணீரும் வர வேண்டும். ஆற்று வெள்ளம் வராத வருடத்தில் கோடை முற்றும்போது ஏரித் தண்ணீர் கடலைவிட உப்பாகிவிடும்.

படகு வேண்டாம்

வெயில் தாழ்ந்ததும் பிள்ளைகள் படகு கேட்டார்கள். கரையில் கட்டியிருந்த படகுகள், எதிரே பளபளக்கும் தண்ணீர், தூரத்தில் தெரியும் முகத்துவாரம். யாருக்குத்தான் ஆசை வராது? மகனுக்கே ஆசை இருந்தது. "ஒரு ரவுண்டு போய் வரலாமா சித்தப்பா?"

குப்பத்துத் தாத்தா முகம் மாறியது. "வேணாம் தம்பி. பணம் குடுத்தாலும் நான் ஏத்த மாட்டேன்."

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். உல்லாசமாகச் சுற்றிப் பார்க்க வந்த குடும்பங்கள் ஒரே படகில் ஏறின. படகு கவிழ்ந்தது. 22 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். அதன்பிறகு இங்கே சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றுவதற்குத் தடை விதிக்கப்பட்டது. ஆனாலும் விடுமுறை நாட்களில் வெளியூர்க்காரர்கள் வந்து கெஞ்சுவதும், யாராவது ஒருவர் இறங்கி வருவதும் ஒரேயடியாக நின்றுவிடாது.

மீன்பிடிப் படகு மனிதர்களை வரிசையாக உட்காரவைக்கச் செய்ததல்ல. வலையையும் மீனையும் அடியில் போட்டு, பழகிய நான்கைந்து பேர் சமன் பார்த்து நிற்பதற்குச் செய்தது. இருபது பேர் ஏறி, ஒரு பறவையைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் போதும். முகத்துவாரம் அதைவிட மோசம். நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறி இறங்குகிறது. இறங்கும்போது அவ்வளவு பெரிய ஏரியின் தண்ணீர் அந்தக் குறுகிய வாய் வழியே பாய்கிறது. மேலே பார்த்தால் அமைதியாக இருக்கும். மதகு திறந்த நேரத்தில் வாய்க்காலில் காலை வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்த இழுப்பு தெரியும்.

"எங்க பசங்களே அந்த நேரத்துல அங்க எறங்க மாட்டாங்க" என்றார் அவர்.

பேரன் கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டான். பிறகு கடற்கரையில் முழங்கால் அளவு தண்ணீரில் அலையோடு ஓடி விளையாடியதில் எல்லாம் மறந்துபோனது. பெரியவர் மணலில் துண்டை விரித்து உட்கார்ந்து, இருட்டும் வரை எழுந்திருக்கவே இல்லை.

ஏரியிலும் முறைத் தண்ணீர்

இரவு மொட்டை மாடியில் பாய். கடல் காற்றில் கொசுவும் இல்லை. ஏரிப் பக்கம் விளக்குகள் அங்கங்கே அசைந்தன. எறாவுக்கு வலை கட்டியிருக்கிறார்கள் என்றார் குப்பத்துத் தாத்தா. நீர் இறங்கும் ஓட்டத்துக்குக் குறுக்கே கழி நட்டு வலை கட்டினால், கடலை நோக்கிப் போகும் இறால் அதில் சேரும்.

நல்ல ஓட்டம் இருக்கும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் அங்கேயே கட்டினால் சண்டை. அதனால் தலைமுறை தலைமுறையாக இங்கே 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. எந்த நாளில் எந்தக் குப்பம், எந்த இடத்தில் எந்தக் குடும்பம் என்று முறை வைத்து, சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்கிறார்கள். கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்றும் இதில் பழைய உரிமை உள்ளவை. நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம் வரலாம்.

"நம்ம ஏரிப் பாசனத்துல முறைத் தண்ணி விடற மாதிரிதான்" என்றார் பெரியவர். "ஆனா எங்க ஊர்ல நீர்க்கட்டி போனப்புறம் முறையும் போயிடுச்சு. இப்போ மோட்டார் இருக்கறவனுக்குத்தான் தண்ணி."

பாட்டிலும் குறை இல்லாமல் இல்லை. பரம்பரை உரிமை உள்ள சமூகத்தாருக்கு மட்டுமே அதில் இடம். ஏரியையே நம்பியிருக்கும் இருளர் போன்றவர்களுக்கு முறை கிடையாது. அவர்கள் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, வெறுங்கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறார்கள். அன்று மதியம் பாலத்தின் அருகே அப்படிச் சில பெண்களை மருமகள் பார்த்திருந்தார். குளிக்கிறார்கள் என்று நினைத்திருந்தார்.

கைலியும் கல்லறையும்

ஞாயிறு காலை இட்லிக்கு மீன் குழம்பு. வெயில் ஏறுவதற்குள் ஊருக்குள் நடந்தார்கள். போர்ச்சுக்கீசியர் காலத்தில், 1515-இல் தோன்றிய மகிமை மாதா தேவாலயம், ஆதிநாராயணப் பெருமாள் கோயில், பழைய பள்ளிவாசல்கள் எல்லாமே நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன.

டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கடற்கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். கடைசியில் 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டை இப்போது புதர் மண்டிய மேடு. எதிரே உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. வாயில் தூண்களில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பார்த்துப் பேத்தி தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இங்கிருந்து கப்பல் ஏறியதில் முக்கியமானது துணி. பழவேற்காட்டுச் சுற்றுவட்டாரத்தில் நெய்த கட்டம் போட்ட துணி தென்கிழக்காசிய நாடுகளுக்குப் போனது. மலேசியாவில் இன்றும் கைலிக்குக் 'காயின் பெலிக்காட்' என்று பெயர். பெலிக்காட் என்பது இந்த ஊர்தான். பெரியவர் தான் கட்டியிருந்த கைலியைக் குனிந்து ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

துணி மட்டும் போகவில்லை. பஞ்சம் வந்த ஆண்டுகளில், சோற்றுக்கு வழியில்லாமல் தங்களையும் பிள்ளைகளையும் விற்றுக்கொண்ட உழவர்களும் நெசவாளர்களும் அடிமைகளாக இதே துறையிலிருந்து கப்பல் ஏற்றப்பட்டார்கள். மழை பொய்த்தால் உழவன் என்ன ஆவான் என்பதற்கு 17-ஆம் நூற்றாண்டின் பதில் அது.

பனையோலைப் பொருள்கள் செய்யும் பெண்களிடம் மருமகள் இரண்டு கூடை, ஒரு மூடி போட்ட பெட்டி வாங்கினார். சாயம் ஏற்றிய ஓலையில் செய்தவை. பேரம் பேசவில்லை. ஓலை கிழிக்கும் வேலை என்னவென்று அவருக்குத் தெரியும்.

வரப்பு யாருடையது?

கிளம்புவதற்கு முன் பெரியவர் முகத்துவாரத்தைப் பார்க்க விரும்பினார். தூரத்திலிருந்து மணல் மேட்டில் நின்று பார்த்தார்கள். வாய் ஒடுங்கி, மணல் திட்டு குறுக்கே நாக்கு நீட்டியிருந்தது.

இந்தக் கரையில் அலை ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகிறது. வழியில் கடலுக்குள் கல் சுவர் கட்டினால், சுவருக்குத் தெற்கே மணல் சேரும். வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு மெரினா அகலமானதும், ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடல் உள்ளே வந்ததும் இதனால்தான். எண்ணூரில் 2001-இல் திறந்த துறைமுகம், அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் என்று சுவர்கள் வடக்கே நகர்ந்துகொண்டே வந்திருக்கின்றன. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கு மேல் விரிவாக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. அதற்காக 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்ட மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் தள்ளிவைக்கப்பட்டன. மீனவர்கள் எதிர்க்கிறார்கள். வேலை வரும் என்று எதிர்பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

மகன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "கம்பெனி வந்ததாலதான் எங்க வீட்ல மாசாமாசம் சம்பளம் வருது சித்தப்பா. வேணாம்னு என்னால சொல்ல முடியல."

"நானும் வேணாம்னு சொல்லல தம்பி. உன் வயல்ல ஒருத்தர் வழி கேட்டா குடுப்ப. வரப்ப வெட்டி எடுத்துக்கறேன்னா குடுப்பியா?"

மகனிடம் பதில் இல்லை. பெரியவர் கைத்தடியால் மணலில் கோடு கிழித்துப் பேரனுக்குக் காட்டினார். இந்தப் பக்கம் கடல், இது மணல் தீவு, இது ஏரி, இது ஆறு, இது நம் வயல். இந்த மணல் கோடு போனால் அடுத்து எது போகும் என்று கேட்டார். பேரன் ஏரியைக் காட்டினான். அப்புறம்? விரல் நகர்ந்து பொன்னேரிப் பக்கம் வந்து நின்றது.

கீழே போகும் தண்ணீர்

பேருந்து நிறுத்தம் வரை குப்பத்துத் தாத்தா வந்தார். ஒரு பை நிறையக் கருவாடு. போகிற நேரத்தில் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. மருந்து அடிச்ச கையோட மழை வந்து மேல இருந்து தண்ணி எறங்குச்சுன்னா எங்களுக்கு பயமா இருக்குது. எறாக் குஞ்சு தாங்காது."

இறாலும் நண்டும் பூச்சிகளைப் போலவே கணுக்காலி இனத்தைச் சேர்ந்தவை. பூச்சியின் நரம்பைத் தாக்கிக் கொல்லும் மருந்து இறாலின் நரம்பையும் தாக்கும். மீனுக்கு ஒன்றும் ஆகாத மிகச் சிறிய அளவுகூட இறால் குஞ்சுக்கு ஆகாது. வயலில் தண்டுத் துளைப்பானுக்கு அடித்தது வடிகாலில் இறங்கி, ஆற்றில் சேர்ந்து, நாற்றங்காலுக்குத்தான் வந்து சேர்கிறது.

பெரியவர் தலையை மட்டும் ஆட்டினார். பேருந்தில் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. திருப்பாலைவனம் தாண்டியதும் மருமகளிடம் கேட்டார்.

"ஏம்மா, போன போகத்துல அந்தக் காலி மருந்து டப்பாவெல்லாம் எங்க போட்டோம்?"

"ஓடைக்கரையிலதான் மாமா கெடக்குது."

"நாளைக்குக் காலையில எல்லாத்தையும் பொறுக்கிடணும். சொர்ணவாரிக்கு விளக்குப் பொறியும் வேப்பங்கொட்டைக் கரைசலும் வெச்சுப் பார்ப்போம். மருந்துக் கடைக்கு அப்புறமாப் போகலாம்."

பேத்தி ஓலைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போயிருந்தாள். அதற்குள் ஒரு கைப்பிடி கிளிஞ்சல் இருந்தது.

போக விரும்புவோர் கவனத்துக்கு

● சென்னை - கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்தில் போகலாம்.

● பறவைகளுக்காகப் போவதானால் அக்டோபர் முதல் மார்ச் வரை நல்லது. கோடையில் போவோர் காலை 10 மணிக்கு முன்பும் மாலை 4 மணிக்குப் பிறகும் வெளியே சுற்றலாம். குடிநீரும் குடையும் கையில் இருக்க வேண்டும்.

● மீன்பிடிப் படகில் ஏறக்கூடாது. யார் அழைத்தாலும், எவ்வளவு குறைந்த பணம் கேட்டாலும் சரி.

● முகத்துவாரத்தின் அருகே குளிக்கக்கூடாது. திறந்த கடற்கரையிலும் பிள்ளைகளை முழங்கால் அளவுக்கு மேல் விடக்கூடாது. கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும்.

● நண்டு வாங்கும்போது அடி ஓட்டை அமுக்கிப் பார்க்க வேண்டும். முட்டை ஒட்டிய நண்டை விட்டுவிட வேண்டும். தூரம் போகிறவர்கள் இறாலை ஐஸில் வைத்தே எடுத்துச் செல்ல வேண்டும்.

● தங்கும் வசதி குறைவு. உறவினர், நண்பர் வீடு இல்லாதவர்கள் மாலையில் பொன்னேரிக்குத் திரும்புவது நல்லது.

● பிளாஸ்டிக் பையும் பாட்டிலும் ஏரிக்கரையில் விடாமல் வீட்டுக்கே கொண்டுவர வேண்டும். ஓலைக் கூடை ஒன்று வாங்கினால் அந்தப் பையே தேவைப்படாது.